குட்டி ரயில் வெறும் பொம்மையா? இந்த ஊரைப் பாருங்க!

மாடல் ரயில்னாலே ‘பெரியவங்க விளையாடுற பொம்மை’ என்று சிரிக்கிறோம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் பெண்டன் மியூசியத்தைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து வந்தவர் ராய் இங்லண்ட். ரயில் மேல் பைத்தியம். ஆனால், அவரை உலுக்கியது வேறு விஷயம்: பழைய கூரை வீடுகள் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தன. 1930-களில் அவற்றை ஒவ்வொன்றாக அளந்து, அட்டையில் அப்படியே செய்ய ஆரம்பித்தார்.

அளவு 1:76. அதாவது, நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே 4 மில்லிமீட்டர். ஆறடி மனிதர் 2.4 சென்டிமீட்டர்தான். சுவரின் நிறம், தோட்டத்துச் செடி வரை எதையும் விடவில்லை. தன்னார்வலர்கள் இன்றும் அந்த வேலையைத் தொடர்கிறார்கள்.

‘பழசை அழகாக்கிக் காட்டுற ஏக்கம்தானே?’ என்று கேட்கலாம். நியாயம்தான். அந்த வீடுகளில் இருந்த குளிரும் வறுமையும் மாடலில் தெரியாது. ஆனாலும் இதைக் கலை என்றே சொல்வேன். ஒரு வீட்டைச் செய்து முடிக்க, அதை முழுசாகப் பார்த்தாக வேண்டும். ரயில் ஒரு சாக்குதான். அது கடந்துபோன பிறகும் நம் கண் அந்த வீடுகளில்தான் நிற்கிறது.

நம்ம போனில் ஆயிரம் போட்டோ இருக்கு. நம்ம தெருவில் ஒரு வீட்டையாவது அப்படிப் பார்த்திருக்கோமா?