யாராவது பார்த்தால்தான் உதவுவோமா?
பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் டீ, காபிக்கு அவரவரே காசு போடும் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு மேலே கண்கள் படம் ஒட்டிய வாரங்களில், பூ படம் இருந்த வாரங்களைவிட சுமார் மூன்று மடங்கு பணம் சேர்ந்தது. 2006-ல் வெளியான ஆய்வு இது. ஆனால், பிறகு நடந்த பல சோதனைகளில் இந்த மந்திரம் பலிக்கவில்லை.

'நம்ம ஆளு' என்ற நினைப்பு என்ன செய்யும்? 2005-ல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் முன்னால் ஒருவர் தடுக்கி விழுந்தார். தங்கள் அணிச் சட்டை என்றால் ஓடிவந்தார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பலர் கண்டுக்கவே இல்லை. 'நாமெல்லாம் கால்பந்து ரசிகர்கள்' என்று முன்கூட்டியே நினைக்க வைத்ததும், லிவர்பூல்காரருக்கும் கை கொடுத்தார்கள். சாதாரணச் சட்டைக்காரரை அப்போதும் பெரும்பாலோர் கடந்து போனார்கள்.

கேமராவை மட்டும் நம்பிப் பயனில்லை. 'நம்ம ஆளு' பட்டியலில் அந்தச் சாதாரணச் சட்டைக்காரரும் சேர வேண்டும்.