கணக்கும் விஞ்ஞானமும் யாருக்குச் சொந்தம்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் பட்டணத்துப் பணக்காரர் வீட்டில் ஒரு பேச்சு நடக்கிறது: பிள்ளையை எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது, எத்தனை லட்சம் கட்டுவது? விவசாயத் தொழிலாளி வீட்டில் வேறொரு பேச்சு நடக்கிறது: மேலே படிக்க வைப்பதா, மில் வேலைக்கு அனுப்புவதா? வயிற்றைக் கட்டிப் படிக்க வைப்பதென்று முடிவு செய்து பள்ளிக்குப் போனால், "கணக்கில் மார்க் குறைவு, முதல் குரூப் கிடையாது" என்று பதில் வருகிறது. சில பள்ளிகளில் அந்தக் குரூப்பே இல்லை. டாக்டராகவோ இஞ்சினீயராகவோ ஆகும் பாதை 15 வயதிலேயே அடைபட்டு விடுகிறது.

மார்க் ஏன் குறைந்தது? பையனுக்கு மூளை இல்லையா? ஒன்பதாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. அறுவடைக் காலத்தில் பையன் வயலுக்குப் போனான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. காரணம் இதுதான்.

இந்த நிலையில் உள்ள பிள்ளைகளின் தலையில்தான் நீட் தேர்வு விழுந்தது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006ல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் இயற்றியது. 2017ல் அந்த ஏற்பாட்டைத் தள்ளிவிட்டு மருத்துவப் படிப்புக்கு நீட்டை மத்திய சர்க்கார் திணித்தது. மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். சரியான பதிலுக்கு 4 மார்க். தவறினால் 1 மார்க் வெட்டு. பாடம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, வேகத்துக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் கடைச் சரக்காக விற்கப்படுகிறது. காசுள்ளவன் ஒரு வருஷம் தோற்றால் மறு வருஷமும் வாங்குகிறான். கூலிக்காரன் பிள்ளைக்கு அந்த மறு வருஷம் ஏது?

கிராமப்புற, தமிழ்வழி, சர்க்கார் பள்ளி மாணவர்களை இத்தேர்வு பாதிக்கிறது என்று ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் அறிக்கை தந்தது. விலக்குக் கோரும் மசோதாவைச் சட்டசபை 2021ல் நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பியதும் 2022ல் மீண்டும் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. தகுதி, தகுதி என்று முழங்கினார்களே, அந்தத் தகுதியின் லட்சணம் 2024ல் தெரிந்தது. கேள்வித்தாள் வெளியாகி, விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போயிற்று.

2020ல் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை சர்க்கார் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மசோதாவைக் கவர்னர் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக் கொண்டிருந்தார். தமிழகமே குரல் எழுப்பிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அந்த ஒரே வருஷத்தில் 400க்கு மேற்பட்ட மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன. தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் சிலர் தவித்தபோது எழுந்த கண்டனத்துக்குப் பின், கட்டணத்தைச் சர்க்கார் ஏற்றது. 2021ல் இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிந்தது.

இது நல்ல ஆதாயம், பாதுகாக்க வேண்டியது. ஆனால் கதவு வரைக்கும் நடந்து வரக் கால் வேண்டாமா? சர்க்கார் நடத்திய இலவச நீட் பயிற்சி பெரும்பாலும் பிளஸ் டூ கட்டத்தில், நன்றாகப் படிப்போரைப் பொறுக்கி நடந்தது. 2021ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்பு 8ம் வகுப்போடு நின்றது. அடித்தளம் போட வேண்டிய 9ம் வகுப்பும் 10ம் வகுப்பும் நடுவில் அந்தரத்தில் தொங்குகின்றன. பாட்னாவில் 2002 முதல் ஆனந்த் குமார் ஏழைப் பிள்ளைகள் 30 பேரைத் தேர்ந்தெடுத்து ஐ.ஐ.டி. தேர்வுக்குத் தயார் செய்தார். போற்றத்தக்க தொண்டு. ஏழைக்கு மூளை உண்டு என்பதை அது நிரூபித்தது. ஆனால் 31வது பிள்ளைக்கு யார் பொறுப்பு? சர்க்கார்தான் பொறுப்பு.

"நீட்டை எதிர்த்துக் கொண்டே நீட்டுக்குப் பயிற்சி கேட்கிறீர்களே" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். கூலி அடிமைத்தனமே ஒழிய வேண்டும் என்பவர்கள் நாம். அதற்காகக் கூலி உயர்வும் போனசும் கேட்காமல் இருந்தோமா? தேர்வு ஒழியும் வரை நம் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டுமென்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான்.

எனவே நாம் கோருவது:

காலியாக உள்ள கணித, விஞ்ஞான ஆசிரியர் இடங்களை நிரந்தர நியமனம் மூலம் நிரப்புக!

எல்லாச் சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகளிலும் முதல் குரூப்பும், இயங்கும் ஆய்வுக்கூடமும் வேண்டும்!

9ம் வகுப்பு முதல் பொறுக்கி எடுக்காமல் எல்லோருக்கும் தமிழில் மாலைப் பயிற்சியும், அதோடு சிற்றுண்டியும், வீடு திரும்ப பஸ் வசதியும் வேண்டும்!

பணம் இல்லை என்று சொல்வார்கள். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமென 1966ல் கோத்தாரி கமிஷன் சொன்னது. அந்த அளவை இன்றுவரை எட்டவில்லை.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கை கட்டி உட்காரவும் கூடாது. சங்கக் கட்டிடங்கள் மாலையில் பூட்டிக் கிடப்பானேன்? ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் அழைப்போம். ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு, 20 பிள்ளைகள். தொடங்க இது போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். கணக்கு வாத்தியார் இருக்கிறாரா, ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா என்று எழுந்து நின்று கேளுங்கள்.

பஞ்சாலையின் கதிரைச் சுழல வைப்பது தொழிலாளியின் கை. அது எப்படிச் சுழல்கிறது என்ற கணக்கு அவன் பிள்ளைக்கு மறுக்கப்படுவதை இனியும் அனுமதியோம்!