டீலரை ஒழித்தால் விலை குறையுமா?

காப்பியர், பிரிண்டர் கம்பெனிகள் இணையத்தில் நேரடியாக விற்பதைக் கொண்டாடுகிற ஒரு கட்டுரையாளர், டீலர்களை உட்கார்ந்த இடத்தில் கமிஷன் வாங்குகிறவர்கள் என்கிறார். அவர்கள் ஒழிந்தால் அந்தப் பணம் வாங்குகிறவருக்கு மிச்சமாகுமாம். இந்தக் கணக்கு தப்பு. கணக்குப் போட்டவருக்குக் கடைத்தெரு தெரியாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பிக்கக் கடைசி நாள், வாசல்வரை கூட்டம். மெஷினில் ஃபியூசர் போய்விடுகிறது. டோனர் தாளில் ஒட்டாமல் விரல் பட்டதும் உதிர்கிறது. இணையத்தில் வாங்கியவர் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். நல்ல உள்ளூர் டீலரிடம் வாங்கியிருந்தால் மெக்கானிக் பைக்கில் வந்து நிற்பார். பார்ட்ஸ் இல்லையென்றால் மாற்று மெஷினை இறக்கிவைப்பார். டோனரைக் கடனுக்குத் தருவதும், பள்ளிக்கூடம் பில்லை இழுத்தடித்தால் பொறுத்துக்கொள்வதும் அதே டீலர்தான். இத்தனைக்கும் காசு அந்த மார்ஜினிலிருந்துதான் வருகிறது. மார்ஜினை வெட்டினால் இந்த வேலைகள் நின்றுபோகும். அந்தச் செலவு வாங்கியவர் தலையில் விழும்.

'போட்டி நல்லதுதானே' என்கிறார் கட்டுரையாளர். எது போட்டி? டீலருக்கு என்ன விலை என்று முடிவுசெய்வது கம்பெனி. மாத டார்கெட் வைத்து ஸ்டாக்கைத் தள்ளிவிடுவதும் கம்பெனி. அதே கம்பெனி, டீலர் வாங்கிய விலைக்கும் கீழே இணையத்தில் விற்கிறது. டெமோ காட்டி, எந்த மாடல் பொருந்தும் என்று விளக்கி, கொட்டேஷன் கொடுத்தவர் ஏமாந்து நிற்கிறார். நடுவரே பந்தாட வந்தால் அதற்குப் பெயர் போட்டியா?

அவருடைய பெரிய சாட்சி டெல். 1984-ல் தொடங்கிய அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி நேரடி விற்பனையால்தான் உலகின் முதலிடத்துக்கு வந்தது, உண்மை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்துவது நேர்மையல்ல. 2006-ல் கடைகள், டீலர்கள் வழியாக விற்ற எச்பி டெல்லை முந்தியது. 2007-ல் டெல் தன் கம்ப்யூட்டர்களை வால்மார்ட் கடைகளில் வைத்தது. அந்த ஆண்டு இறுதியில் டீலர்களுக்கென்றே 'பார்ட்னர் டைரக்ட்' திட்டத்தையும் அறிவித்தது. நேரடி விற்பனைக்குப் பேர்போன கம்பெனியே டீலர்களைத் தேடி வந்த கதையை மறைத்துவிட்டு, டீலர் தேவையில்லை என்று எழுதுவது வாசகரை ஏமாற்றும் வேலை.

இணைய விற்பனையைத் தடைசெய்யச் சொல்லவில்லை. டீலரின் கொள்முதல் விலைக்குக் கீழே கம்பெனி விற்கக் கூடாது. டீலர் பதிவுசெய்த வாடிக்கையாளரைக் கம்பெனி தட்டிப்பறிக்கக் கூடாது. இணையத்தில் விற்ற மெஷினை இன்ஸ்டால் செய்யவும் சர்வீஸ் செய்யவும் டீலரை அனுப்பினால் உரிய கூலி கொடுக்க வேண்டும். ஊர் ஊராக அலைந்து அந்தக் கம்பெனிகளுக்குச் சந்தை பிடித்துக்கொடுத்தவர்கள் டீலர்கள். அவர்கள் கேட்பது சலுகை அல்ல, நியாயம்.