மருத்துவக் கவுன்சில் யாருக்கு?

“எந்தத் தெரு?” என்று கேட்டார் டாக்டர். காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அத்தை ஒளிக்காமல் சொன்னது. அதுக்கப்புறம் ஸ்டெதஸ்கோப் அத்தை மேல படவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே மாத்திரை எழுதினார். “மாட்டு டாக்டர்கூட மாட்டைத் தொட்டுத்தாண்டா பாப்பாரு” என்றது அத்தை, வீட்டுக்கு வந்து. யார்கிட்ட முறையிடுவது என்று எங்கள் சேரியில் யாருக்கும் தெரியாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் டாக்டர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லாருக்கும் இலவச வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிகளை வெளியே விட்டது. காசு கொடுத்தவன் நுகர்வோர். தர்மாஸ்பத்திரி வரிசையில் நிற்கிற நாம் யார்? பெரிய செலவில்லாமல் நாம் தட்டக்கூடிய கதவு மருத்துவக் கவுன்சில்தான். டாக்டரைப் பதிவு செய்வதும், தப்புச் செய்தால் விசாரித்துப் பெயரை நீக்குவதும் அதன் வேலை. விசாரிப்பவர்களும் பெரும்பாலும் டாக்டர்களே. பங்காளிப் பஞ்சாயத்து எப்படி முடியும் என்று நமக்குத் தெரியாததா?

2002 நடத்தை விதிகளில் டாக்டரின் உறுதிமொழி ஒன்று உண்டு. மதம், தேசம், இனம், கட்சி அரசியல், சமூக அந்தஸ்து எதுவும் என் கடமைக்கும் நோயாளிக்கும் குறுக்கே வராது என்கிறது. சாதி என்ற சொல் இல்லை. 1948-இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனிவாவில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜெனிவாக்காரனுக்குச் சேரி தெரியாது, சரி. டெல்லிக்காரனுக்குமா தெரியாது? ‘சமூக அந்தஸ்துக்குள்ள அதுவும் அடங்கும்’ என்கிறார் வக்கீல் தோழர். அடங்கட்டும். பேரைச் சொல்ல என்ன கூச்சம்?

2010 ஏப்ரலில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. 2020 செப்டம்பரில் கவுன்சிலைக் கலைத்துவிட்டு தேசிய மருத்துவ ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். பலகை மாறியதில் நமக்கு நட்டம்தான். மாநிலக் கவுன்சிலின் முடிவு அநியாயம் என்றால் நோயாளியும் 60 நாளுக்குள் டெல்லிக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று பழைய விதியில் இருந்தது. 2019 சட்டத்தின் 30-ஆம் பிரிவு அந்த உரிமையை டாக்டருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது. தண்டனை வாங்கியவன் மேலே போகலாம், உயிரைப் பறிகொடுத்த வீட்டுக்காரன் போக முடியாது!

இதை மாற்றச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரின் மருத்துவக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அந்த 2002 விதிகளே சொல்லுது. எழுதிக் கேளுங்கள். கேட்ட தாளுக்கு ஒரு நகல் வச்சுக்குங்க.