பிளாஸ்டிக்குக்கு மென்மை தருவது எது?



வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக் கரையில் ஒதுங்கும் குப்பையைப் பாருங்கள். விறைப்பான தண்ணீர்க் குழாய்த் துண்டு கிடக்கும்; வளையும் மின்கம்பி உறையும் கிடக்கும். இரண்டுமே பி.வி.சி.தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை நெருங்கி நிற்பதால் பொருள் விறைக்கிறது. சிறிய மூலக்கூறுகள் இடையில் புகுந்தால் சங்கிலிகள் வழுக்கி நகரும், பொருள் மென்மையாகும். அப்படிப் புகுவதே நெகிழ்வூட்டி. கடலூர் சிப்காட்டில் 2009 முதல் தயாராகும் பி.வி.சி. தூளில் இது கிடையாது. தூளை வாங்கிப் பொருள் செய்பவரே இதைச் சேர்க்கிறார். ஆகவே எதைச் சேர்ப்பது என்பது மனிதரின் தேர்வு.

பெட்ரோலியத்திலிருந்து வரும் தாலேட்டுகளே நெடுங்காலமாகப் பெரிதும் பயன்படுகின்றன. இவை சங்கிலியுடன் வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. எனவே மெல்லக் கசியும். சில தாலேட்டுகள் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிப்பதால், பொம்மைகளில் அவை 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென ஐரோப்பிய நாடுகள் 2005-இல் சட்டம் செய்தன. பொம்மை குழந்தையின் வாய்க்குப் போகிறது. குப்பையோ, இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் கழிமுகத்துக்குப் போகிறது.

மாற்று உண்டா? உண்டு. சோப்பு, பயோடீசல் தொழில்களில் துணைப்பொருளாகக் கிடைக்கும் கிளிசராலைக் கவனியுங்கள். அதன் மூலக்கூறுக்கு மூன்று கைகள். ஒரு கையில் ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தையும், மற்ற இரண்டில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தையும் பிடிக்கச் செய்தால் பி.வி.சி.க்கு ஏற்ற நெகிழ்வூட்டி கிடைக்கிறது. ஐரோப்பாவில் இது விற்பனைக்கே வந்துவிட்டது. உலகில் மிக அதிகமாக ஆமணக்கு விளைவிப்பதோ நம் இந்தியா!

"விலை கூடுமே" என்பார்கள். உண்மைதான். இரத்தப் பையில் தாலேட்டு சிவப்பணுக்களைக் காக்கவும் செய்கிறது. அங்கே அவசரப்பட முடியாது. ஆனால் பொம்மைக்கும் குழந்தை கடிக்கும் பொருளுக்கும் இந்தச் சாக்கு செல்லாது. மாற்றத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

நெகிழ்வூட்டியின் வேலையை நீங்களே பார்க்கலாம். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர். ஆசிரியர் துணையுடன் கூழாகக் காய்ச்சித் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். இன்னொரு கூழில் ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேருங்கள். முதல் தாள் நொறுங்கும், இரண்டாவது வளையும். அடுத்த முறை மென்மையான பிளாஸ்டிக் பொம்மை வாங்கும்போது, நிறத்தையும் விலையையும் மட்டும் கேளாதீர்கள். "இதை மென்மையாக்கியது எது?" என்றும் கேளுங்கள்.