தேர்தல் நிதி: கொடையா, அரசின் கடனா?

மக்களாட்சிக்குத் தேர்தல் உயிர் என்பர். அவ்வுயிர் இன்று பணத்தைப் பற்றியே நிற்கிறது. அப்பணம் எவரிடமிருந்து வருதல் வேண்டும் என்பது, தறியையும் லாரியையும் கோழிப்பண்ணையையும் நம்பி வாழும் சேலம், நாமக்கல் வட்டாரத்து எளியோரும் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

நன்கொடை திரட்டுதல் இழிவன்று. 1967 பொதுத்தேர்தலுக்கெனத் தி.மு. கழகம் 10 இலட்சம் ரூபாய் இலக்கு வைத்தபோது, கலைஞர் கருணாநிதி 11 இலட்சம் திரட்டி, விருகம்பாக்கம் மாநாட்டில் அறிஞர் அண்ணாவிடம் பலரறிய அளித்தார். 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டமோ கொடுத்தவர் பெயரை வாக்காளரிடமிருந்து மறைத்தது. 16,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்பனையான பின்னரே, 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அது வாக்காளரின் அறியும் உரிமைக்கு முரணானதெனக் கூறிச் செல்லாததாக்கிற்று.

பணத்தின் ஆட்சி பத்திரத்தோடு தோன்றியதுமன்று, அதனோடு முடிந்ததுமன்று. வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டமையால், 2016இல் காவிரிக்கு அக்கரையிலுள்ள அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2019இல் பெருந்தொகை சிக்கியதால் வேலூர் மக்களவைத் தேர்தலும் அவ்வாறே நின்றது.

சட்டமன்றத் தேர்தலுக்குப் பொதுப்பிரிவு வேட்பாளரின் வைப்புத்தொகை 10,000 ரூபாயே. ஆயின், தமிழகம் போன்ற பெரிய மாநிலங்களில் வேட்பாளர் செலவின் உச்சவரம்பு 2022இல் 40 இலட்சமாக உயர்த்தப்பட்டது. கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. நெசவாளியின் மகன் வைப்புத்தொகை கட்டிவிடலாம். களத்தில் நிலைத்து நிற்க இயலுமா?

அரசு நிதி வழங்கின் ஏழையின் வரிப்பணம் வீணாகும் என்பார் உளர். அவ்வச்சம் நேரியதே. இந்திரஜித் குப்தா குழு, ரொக்கமாகத் தராது, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகட்குப் பொருளாகவும் வசதியாகவும் தருக என்று 1998இல் பரிந்துரைத்தது. வானொலி, தொலைக்காட்சிகளில் கட்டணமின்றி நேரம் வழங்கும் முறை முன்னரே உண்டு. எனினும் சுயேச்சைகட்கு அக்குழு இடந்தரவில்லை. செருமனியில் அரசு தரும் நிதி, கட்சி தானே திரட்டும் வருவாயை விஞ்சுதல் கூடாது. மக்களிடம் செல்லாத கட்சி அரசை மட்டும் நம்பி வாழ இயலாது என்பதே இதன் நுட்பம்.

ஆதலின் இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து. அரசு வசதிகள் தருக. மக்கள் சிறுதொகை ஈக. கட்சிச் செலவுக்கு வரம்பு அமைக. ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர் விளங்குக.

பள்ளிவாசல் வரவு செலவை ஜமாஅத் முன் வைக்கும் மரபினர் நாம். நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் நிதிக்கு அக்கணக்கு வேண்டாவா? இலஞ்சம் கொடுப்போரையும் வாங்குவோரையும் ஒருங்கே கண்டிப்பது இஸ்லாம். வாக்கும் ஓர் அமானிதமே. முதன்முறை வாக்களிக்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் அதனை விலைபேச விடாது காத்தல் வேண்டும்.