உருமியை உலகம் முழுக்க ஆடவைத்த எம்.ஐ.ஏ... ஊர் மேளத்துக்கு நாம் ஏன் கூச்சப்படுகிறோம்?

சிங்கவரம் மலையில் பள்ளிகொண்ட ரங்கநாதரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். செஞ்சிப் பக்கத்து ஆட்களான எங்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: பம்பைச் சத்தம். மாசியில் மேல்மலையனூர் மயானக் கொள்ளை நெருங்கினால் பம்பையும் உடுக்கையும் ஊருக்கு ஊர் கேட்கும். அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

ஆனா, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதுசில் பக்கத்து சீட் நண்பர் "என்ன பாட்டு கேட்குற?" என்றதும், ஓடிக்கொண்டிருந்த பம்பை வீடியோவைச் சட்டென்று மாற்றிவிட்டு, ஏதோ ஓர் இங்கிலீஷ் பாட்டின் பெயரைச் சொன்னேன்.

சில மாதம் கழித்து அதே நண்பர் ஹெட்செட்டை நீட்டினார். "இதைக் கேளு, லண்டன் பாப்." கேட்டால்... அட, இது நம்ம உருமியாச்சே! பாட்டு, 'பாய்ஸ்'. எழுதிப் பாடியவர் எம்.ஐ.ஏ.

யார் இவர்?

மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா. 1975-ல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். கொஞ்ச காலம் சென்னையிலும் வளர்ந்தார். 1986-ல் அம்மாவோடு அகதியாக மீண்டும் லண்டன். இங்கிலீஷ் பேசக் கற்றதே அதன் பிறகுதான். எம்.ஐ.ஏ என்பது போரில் காணாமல் போனவர்களைக் குறிக்கும் ராணுவச் சொல்லின் சுருக்கம்.

முதல் ஆல்பம் 'அருளர்' (2005): ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது 'கலா' (2007): அம்மாவின் பெயர். அடுத்து 'மாயா' (2010), 'மாதங்கி' (2013). வாயில் நுழைகிற மாதிரி பெயரை மாற்றிக்கொண்டு வா என்று சந்தை சொல்லும் இடத்தில், வீட்டுப் பெயர்களையே ஆல்பங்களுக்கு வைத்தார்.

உருமி எப்படி வந்தது?

'கலா'வை அமெரிக்காவில் பதிவு செய்யத்தான் திட்டம். விசா கிடைக்கவில்லை. அதனால் ஊர் ஊராகப் போனார், சென்னைக்கும் வந்தார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமவைக்கும் உருமி, 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாடல்களின் முதுகெலும்பு ஆனது. அதே ஆல்பத்தின் 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்தின் இளையராஜா இசையும் வரும்.

விசா கோபத்திலிருந்து பிறந்ததுதான் 'பேப்பர் பிளேன்ஸ்'. கோரஸில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் கேட்கும். குடியேறி வந்தவர்களைப் பற்றிய பயத்தைக் கிண்டல் செய்த அந்தப் பாட்டு, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம் வரை போனது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

2009 பிப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடினார். வன்னியில் போரின் கடைசி மாதங்கள் அவை. பாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், அமெரிக்க டி.வி பேட்டிகளில் ஈழத்தைப் பற்றியும் பேசினார். அதற்காக விமர்சனமும் வாங்கினார்.

அவரைக் கொண்டாடினால் போதுமா?

அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் தடுப்பூசிக்கு எதிராக அவர் பேசியதை ஏற்கவே முடியாது. ஆனால் அவரது இசை எனக்கு ஒரு கேள்வியை வைத்தது. அதே தோல், அதே குச்சி. லண்டனிலிருந்து வந்தால் பாப். நம்ம தெருவில் அடித்தால் சாவு மேளம், இல்லன்னா சாமி மேளம். இந்த வித்தியாசம் சத்தத்தில் இல்லை. அடிப்பவர் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்க்கும் நம் காதில் இருக்கிறது.

'நம்ம தமிழ்ப் பொண்ணு' என்று ஸ்டேட்டஸ் வைப்பது சுலபம். திருவிழாவில் பம்பைக் குழுவை வீடியோ எடுத்துப் போடுகிறோமே, எத்தனை பேர் வாசித்தவர் பெயரைப் போடுகிறோம்? டிஜே கேட்கும் பணத்துக்குத் தலையாட்டிவிட்டு, மேளக்காரரிடம் மட்டும் ஏன் பேரம் பேசுகிறோம்?

முதலில் அதை மாற்றுவோம். பெயரைக் கேளுங்கள், பதிவில் போடுங்கள், பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.

இந்த மாசிக்கு அந்த நண்பரை ஊருக்குக் கூப்பிட்டிருக்கேன். ஹெட்செட் தேவைப்படாது.